மூன்று கியர் ஹப்: கழட்டாமலே காப்பாற்றலாம்

எபிசைக்ளிக் கியர் என்றாலே பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலிருந்து 1936-ல் வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப்பைப் பாருங்கள். நம் பாடப் படமே பின்சக்கரத்துக்குள் சுழல்கிறது!

நடுக் கியருக்கு 20 பற்கள். அது அச்சோடு பிணைந்தது, சுழலாது. அதைச் சுற்றும் சிறு கியர்களை அணைத்திருக்கும் உள்பல் வளையத்துக்கு 60 பற்கள். கணக்குப் போட்டால் 1 + 20/60 = 4/3. அதாவது 3-ம் கியரில் பின்சக்கரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம். 1-ம் கியரில் முக்கால் வேகம். 2-ல் நேரடி ஓட்டம்.

ஆபத்து எங்கே? 2-க்கும் 3-க்கும் நடுவே கிளட்ச் எதையும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் சரியில்லாமல் கிளட்ச் அங்கே நின்றால், எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் சட்டென்று வழுக்கும். ஆளும் விழலாம். கியர் தேய்ந்துபோச்சு என்று ஹப்பைக் கழட்டாதீங்க. முதலில் இவற்றைச் செய்யுங்கள்:

1. லீவரை 2-ல் வைத்து, பெடலைச் சற்றே அசையுங்கள். வலப்பக்க நீள நட்டின் துளை வழியே பாருங்கள். சிறு செயினோடு வரும் கம்பியின் தோள்பட்டை, அச்சின் முனையோடு சமமாக இருக்கணும். இல்லையென்றால் கேபிள் அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்குங்கள்.

2. ஹப் மேலுள்ள மூடியைத் திறந்து, எஸ்.ஏ.இ. 20 அல்லது 30 எண்ணெய் சில சொட்டு, மாதம் ஒருமுறை விடுங்கள். மூடியில்லாத ஹப்பில் அந்தச் செயினைக் கழட்டி, அச்சின் துளை வழியே விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்; நாளடைவில் பிசுபிசுத்துப் போகும்.

3. கிரீஸ் பேரிங்குக்கு மட்டும். "டிக் டிக்" சத்தம் தரும் ஸ்பிரிங் நாக்குகளில் கெட்டி கிரீஸ் தடவினால் அவை ஒட்டிக்கொண்டு நிமிராது. அப்புறம் அங்கேயும் வழுக்கல்தான்!

4. சக்கரம் ஆடினால் இடப்பக்கக் கோனை மட்டும் திருகுங்கள். ரிம்மில் லேசான ஆட்டம் மிஞ்சணும். வலப்பக்கக் கோனைத் தொடாதீங்க.

இவ்வளவும் செய்தும் வழுக்கினால்தான் ஹப்பைத் திறக்க வேண்டும். பழைய மூன்று கியர் சைக்கிள் கையில் கிடைத்தால், ஸ்பானரை எடுக்கும் முன் எண்ணெய்க் கேனை எடுங்கள்!