அந்த ஒரு வரியை ஏன் மூலையில் எழுதினீர்கள்?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 36 வயது. குடியிருப்பது திண்டிவனம், வேலை விழுப்புரத்தில். திருமணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு பெண், ஒரு பையன். மனைவியிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிறார். இரண்டு மாதம் முன்பு அவர் அறையில் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தோம். கல்யாணமாகிக் கைக்குழந்தையும் உள்ள ஒரு போலீஸ் அதிகாரி, ஓர் இளைஞன்மேல் ஆசை வைத்துவிடுகிற கதை. வசனத்தை நண்பர் என் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று இரவு முதல் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இப்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. அவர் லீவு போட்டால் அன்றைக்குப் பொழுது நகர மாட்டேன் என்கிறது. இது என்ன வியாதி? படம் பார்த்ததால் வந்ததா? கூவாகம் திருவிழாவுக்கு வருகிறவர்களைப் போல நானும் மாறிவிடுவேனா? போலீஸ் கேஸ் ஆகுமா? ஊசியும் மருந்தும் கொடுத்து மூன்று மாதத்தில் சரி செய்வதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார், கட்டலாமா? மனைவியிடம் சொல்லிவிடவா? சில ராத்திரிகளில் இருந்து என்ன பயன் என்றுகூடத் தோன்றுகிறது. தயவுசெய்து வீட்டு விலாசத்துக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.
— கே.எஸ்., திண்டிவனம்

பதில்: உங்களுக்கு வந்திருப்பது வியாதி இல்லை, தம்பி. அந்த 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள். முன்பணமாக ஏதாவது கொடுத்திருந்தால் அது போனது போகட்டும், மறுபடி அங்கே போக வேண்டாம்.

மற்றதைப் பேசுவதற்கு முன்னால், கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, இருந்து என்ன பயன் என்று, அதைப் பேசிவிடலாம். நீங்கள் எழுதியதிலேயே என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். அந்த எண்ணம் வருகிற ராத்திரியில் தனியாகப் படுத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டாதீர்கள். எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 'டெலி மானஸ்' என்று பெயர், அரசு நடத்தும் மனநல உதவி எண். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. இன்னாருக்கு இன்னார்மேல் ஆசை என்றெல்லாம் அங்கே விளக்க வேண்டியதில்லை. "தூக்கமில்லை, தப்பான எண்ணம் வருகிறது" என்று சொன்னாலே போதும். இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காத மூளைக்கு எல்லாமே முடிந்துபோனதாகத்தான் தெரியும். தூக்கம் திரும்பினால் அந்த எண்ணத்தின் பிடி பெரும்பாலும் தளர்ந்துவிடும். தளராவிட்டாலும் அதற்கு மருத்துவம் இருக்கிறது.

இனி படத்துக்கு வருகிறேன். நீங்கள் பெயர் சொல்லவில்லை. கதையை வைத்துப் பார்த்தால் ஆந்த்ரே தெஷினே 2007-இல் எடுத்த 'லெ தெமுவான்' (சாட்சிகள்) என்ற படமாகத்தான் இருக்க வேண்டும். நானும் பார்த்திருக்கிறேன். 1984-ஆம் வருடத்துப் பாரீஸ். மெஹ்தி என்ற அந்த அதிகாரிக்கு மனைவி இருக்கிறாள், பச்சைக் குழந்தை இருக்கிறது. கடலில் மூழ்கப்போன மனு என்கிற இளைஞனை இழுத்துக் கரை சேர்க்கிறான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் வருகிற கலக்கம் இருக்கிறதே, காப்பாற்றியவன் முகம் மாதிரியே இருக்காது, தானே மூழ்கிக்கொண்டிருப்பவன் முகம் மாதிரி இருக்கும். சாமி புவாஜிலா என்ற நடிகர் அதைச் செய்திருந்தார். இந்தப் படத்துக்காக அவருக்குப் பிரான்சின் சேசார் விருதும் கிடைத்தது. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்த முகமாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. இத்தனை நாள் பெயர் தெரியாமல் மனசுக்குள் கிடந்த ஒன்றை இன்னொருவன் முகத்தில் பார்த்துவிட்டீர்கள்.

படம்தான் காரணமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் பார்த்திருப்பீர்கள். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி, காயை உதிர்த்து, மூட்டை கட்டிக் கொண்டுபோன பிறகும் ஒன்றிரண்டு மண்ணுக்குள் தங்கிவிடும். அடுத்த மழைக்கு, யாரும் விதைக்காத இடத்தில் ஒரு செடி எழுந்து நிற்கும். மழை பெய்ததால் முளைத்தது என்பது சரி. மழையா விதைத்தது?

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், கையெழுத்துக்கும் கீழே, மூலையில் நுணுக்கி நுணுக்கி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது படிக்கும்போது கூடப் படித்தவன் குடும்பத்தோடு செஞ்சிக்குப் போய்விட்டான், இரண்டு நாள் சாப்பிடவில்லை, அது இதில் சேருமா தெரியவில்லை என்று. மூன்று பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். அதை ஏன் மூலையில் எழுதினீர்கள்? சேரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய விஷயம் அது. அப்போது பிரெஞ்சுப் படமும் இல்லை, இந்த நண்பரும் இல்லை.

ஓர் ஆணுக்கு ஆண்மேலோ, பெண்ணுக்குப் பெண்மேலோ காதலும் ஆசையும் உண்டாவதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். இரு பாலர்மேலும் உண்டானால் இருபாலீர்ப்பு. இது எதனால் வருகிறது என்று ஒற்றைக் காரணத்தைச் சொல்ல விஞ்ஞானத்தால் முடியவில்லை. 2019-இல் ஏறத்தாழ 4,70,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். இதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட ஒரு தனி மரபணு கிடைக்கவில்லை. பிறவிக் கூறுகள் பல, பிறவற்றோடு கலந்து வேலை செய்கின்றன. ஒன்று உறுதியாகச் சொல்லலாம், அம்மா செல்லம் கொடுத்ததாலோ அப்பா கண்டித்ததாலோ மனைவி கவனிக்காததாலோ வருவதில்லை. உங்கள் மனைவியின்மேல் இதில் துளிப் பழியும் இல்லை. உங்களுக்கு எந்தக் கோபம் வந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்படியானால் ஒன்பது வருடம் மனைவியோடு அன்பாக இருந்தது நடிப்பா? இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கின்சி 1948-லேயே, மனிதர்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இரண்டு மூட்டையாகக் கட்ட முடியாது என்று கண்டு, 0 முதல் 6 வரை ஓர் அளவுகோலே போட்டார். நடுவில் எங்கெங்கோ நிறையப் பேர் நிற்கிறார்கள். நம் ஊரில் இருபத்தேழு வயதில் பெண் பார்த்துக் கட்டிவைத்துவிடுகிறோம். அதற்குள் ஒருவன் தன்னைத் தானே கேட்டுப் பார்க்க நேரமும் இருப்பதில்லை, கேட்பதற்கு வார்த்தையும் இருப்பதில்லை. முப்பத்தைந்து, நாற்பதில் தெரியவருவது நீங்கள் நினைப்பதுபோல அதிசயம் அல்ல. என் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னவர்களில் பேரன் எடுத்தவர்களும் உண்டு.

இன்னும் ஒரு சாத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காக என்பதைவிட இதைப் படிக்கும் வேறு சிலருக்காக. சிலருக்கு ஆசையே இருக்காது, ஆசை வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் ஓயாமல் அரிக்கும். எதிரே வருகிற ஒவ்வோர் ஆணையும் பார்த்து, எனக்கு ஏதாவது தோன்றியதா என்று நாள் முழுக்கத் தன்னையே சோதித்துக்கொண்டிருப்பார்கள். அது எண்ணச் சுழற்சி நோய் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைக்கும் ஓ.சி.டி.). அதற்கு நல்ல மருந்தும் பயிற்சியும் உண்டு. நீங்கள் எழுதியது அப்படி இல்லை. நண்பர் லீவு போட்டால் பொழுது நகரவில்லை என்கிறீர்கள். அதில் பயத்தைவிடப் பிரியம்தான் தெரிகிறது. இருந்தாலும் இரண்டு மாதத்து உணர்வை வைத்து உங்களுக்கு நான் ஒரு பெயர் சூட்ட மாட்டேன். நீங்களும் அவசரப்பட்டுச் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

கூவாகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விழுப்புரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்பு. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலுக்கு வந்து தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழும் திருநங்கைகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அவர்களுடையது பால் அடையாளம் (தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உள்ளுக்குள் உணர்வது). உங்களுடையது யார்மேல் மனசு போகிறது என்ற கேள்வி. இரண்டும் வேறு. ஒன்று முற்றி இன்னொன்றாக மாறாது. அவர்களைப் பார்த்து நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. இவ்வளவு ஏச்சையும் தாங்கிக்கொண்டு நான் இன்னார் என்று ஊரறியச் சொன்னவர்கள் அவர்கள்.

போலீஸ் கேஸ் ஆகாது. வயது வந்த இருவர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பளித்துவிட்டார்கள். ஆனால் திருமண பந்தத்துக்கு வெளியே உறவு வைத்தால் மனைவி அதைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம்.

ஊசி போடுகிறவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் கோபம் உண்டு. ஒரு காலத்தில் மருத்துவமே இந்தத் தவறைச் செய்தது. ஆண் படத்தைக் காட்டிக் கையில் மின்சாரம் பாய்ச்சுவதைச் சிகிச்சை என்று எழுதிய புத்தகங்களை நானே மாணவனாகப் படித்திருக்கிறேன். யாரும் மாறவில்லை, மனசு ஒடிந்து போனதுதான் மிச்சம். உலக சுகாதார நிறுவனம் 1990-இல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் இப்படிப்பட்ட ஒரு வழக்கு வந்தது. ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்திருந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? தனக்கு இதில் தெளிவு போதாது என்று உத்தரவிலேயே வெளிப்படையாக எழுதி, ஓர் உளவியலாளரிடம் போய் மாணவனைப் போல உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அதன் பிறகு தீர்ப்புச் சொன்னார். ஒருவரின் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை கூடாது என்பதும் அதில் ஒன்று. அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அறிவித்தது. ஆகவே உங்களிடம் பணம் கேட்பவர் டாக்டராக இருந்தால் அவர்மேல் புகார் கொடுக்கலாம், டாக்டரே இல்லையென்றால் அந்த ஊசியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

மனைவியிடம் சொல்வது பற்றி. கடிதத்தில் ஓரிடத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு, பேனாவால் அழுத்தி அழுத்திக் காகிதம் கிழியும் அளவுக்கு அடித்திருக்கிறீர்கள். அவரைக் காப்பாற்ற நினைத்துத்தான் அடித்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் பார்த்த பிரெஞ்சுப் படத்தை இதில் வழிகாட்டியாக வைக்காதீர்கள். அந்தத் தம்பதி, அவரவர் சுதந்திரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்று முன்பே பேசிவைத்துக்கொண்டவர்கள். உங்கள் வீட்டில் அப்படிப் பேச்சு நடக்கவில்லை. அதற்குப் பதிலாக 2023-இல் வந்த 'காதல் தி கோர்' என்ற மலையாளப் படத்தை, மனசு ஓய்ந்தபிறகு ஒருமுறை பாருங்கள். மம்மூட்டி தேர்தலில் நிற்கிற நேரம், மனைவி ஓமனா மணமுறிவு கேட்டு வழக்குப் போடுகிறார். ஓமனாவாக நம் ஜோதிகா. கணவன் மூடி வைத்த விஷயம் மனைவியின் இளமையை எவ்வளவு தின்றுவிட்டது என்பதை அந்தப் படம் சத்தமே போடாமல் காட்டுகிறது.

என் யோசனை இது. இன்று, இந்த வாரம், தூக்கமில்லாத கண்ணோடு எதையும் மனைவியிடம் கொட்டாதீர்கள். வாட்ஸப்பில் எழுதவே எழுதாதீர்கள். மூன்று மாதம் எந்த முடிவும் எடுக்காமல், ஆலோசகர் ஒருவரோடு நாலைந்து முறை உட்கார்ந்து பேசுங்கள். இது நிலையான ஒன்று என்று தெளிவானால் மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும், அவர் வாழ்க்கையும் இதில் இருக்கிறது. வேண்டுமென்றால் ஆலோசகர் முன்னிலையிலேயே சொல்லலாம். சேர்ந்து இருப்பதா, பிரிவதா, எப்படி இருப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அதற்குள் யாரோடாவது உடலுறவு நேர்ந்தால் இந்த மூன்று மாதக் கணக்கு செல்லாது. மனைவியை நெருங்குவதற்கு முன் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இலவசம்தான், ரகசியமும் காப்பார்கள்.

நண்பரிடமும் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். அவர் மனசு என்னவென்று உங்களுக்குத் தெரியாது, ஒரே அலுவலகம் வேறு. அவரை விட்டு ஓடவும் வேண்டாம். எப்போதும்போலப் பேசுங்கள், சாப்பிடுங்கள். போனில் ஆள் தேடித்தரும் செயலிகளைப் பதற்றத்தில் திறக்காதீர்கள். வரச்சொல்லி, படமெடுத்து, பணம் பறிக்கும் கும்பல்கள் அங்கே காத்திருப்பது உங்களைப் போலப் பயந்தவர்களுக்காகத்தான். அப்படி ஏதாவது நடந்தால் அவர்கள் கேட்டதைக் கொடுக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்றப் புகார் எண் அது.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலைக்குப் போகிற வழிதான். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் புதுச்சேரி ஜிப்மருக்குப் போங்கள், அந்தக் கூட்டத்தில் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். காலையிலேயே போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். தூக்கத்துக்கு முதலில் ஏதாவது செய்வார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் வார்த்தை வராது, எல்லோருக்கும் அப்படித்தான். இந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நீட்டி, "இது நான் எழுதினது" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்க வேண்டியதை அவர் கேட்டுக்கொள்வார்.