கையொப்பம் சொல்லும் காலம்

ரவாங்கிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் உள்ளது. 1975 ஜூலை 1ஆம் நாள் அங்குதான் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை வெற்றியாளர் முகமது அலி, ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் வென்றார். அப்போட்டியின் படத்தில் அலியின் கையொப்பமும் இருந்தால் சேகரிப்பாளர்கள் அதைப் பொக்கிஷமாகக் கருதுவர். ஆனால், அது அவரே இட்டதுதானா?

அதற்கு எழுத்தே சான்று. 1964இல் பெயரை மாற்றிக்கொள்ளும்வரை அவர் காசியஸ் கிளே. எனவே, 1975ஆம் ஆண்டுப் படத்தில் பழைய பெயர் மட்டும் இருந்தால் ஐயம் எழுவது இயல்பே. எனினும், இரசிகர்கள் கேட்டதற்காகப் பிற்காலத்தில் அவர் பழைய பெயரை எழுதித் தந்ததும் உண்டு. அதை மட்டும் கொண்டு போலி எனத் தீர்ப்புக் கூற இயலாது.

1984இல் அலிக்கு நடுக்குவாத நோய் இருப்பது கண்டறியப்பட்டது. இந்நோய் கையெழுத்தைச் சிறிதாக்கி நெருக்கிவிடும். ஆகவே, அவர் முதுமையில் இட்டதாகக் கூறப்படும் கையொப்பம் பெரிதாகவும் தங்குதடையின்றியும் ஓடினால், வாங்குபவர் பணப்பையை உடனே திறக்கமாட்டார்.

உண்மையான கையொப்பமும் வெளிச்சம் பட்டால் மங்கும். அதனால், அசலை உறைக்குள் வைத்துவிட்டு நகலைச் சுவரில் மாட்டுவோரும் உள்ளனர்.