கும்மிடிப்பூண்டி லேபில் ஒரு நேர்கோடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ தரக் கட்டுப்பாடு, கேலிப்ரேஷன் வேலை தேடும் டிப்ளமோ, பி.எஸ்சி. பட்டதாரிகள் மீச்சிறு வர்க்க முறையைக் கையால் போடப் பழகிக்கொண்டு போங்கள். ரீடிங் எடுக்க யாருக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும். எடுத்த ரீடிங் என்ன சொல்கிறது என்று விளக்கத் தெரிந்தவருக்குத்தான் லேபில் மதிப்பு.

கணக்கு பெரிதல்ல. புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போடுகிறோம். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து மேலோ கீழோ விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ, அதுவே நமக்கு வேண்டியது. வால்மீன்களின் பாதையைக் கணிக்கக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட முறை இது.

10 பார் வரை அளக்கும் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஒன்று உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0, 2.5, 5, 7.5, 10 பார் அழுத்தம் கொடுத்தால் 4, 8, 12, 16, 20 மில்லிஆம்பியர் வர வேண்டும். வந்ததோ 4.02, 8.05, 12.06, 16.11, 20.11. ‘எல்லாமே கூடுதல்’ என்று எழுதிவிட்டு அடுத்த கருவிக்குப் போய்விடாதீர்கள். கோட்டைப் போட்டுப் பாருங்கள். தொடக்கம் 4.022, சரிவு பாருக்கு 1.6096. இருக்க வேண்டியவை 4, 1.6. ஆக ஜீரோ 0.022 மில்லிஆம்பியர் நகர்ந்திருக்கிறது, ஸ்பேன் 0.6 சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். திருத்தும் விதமும் வேறு.

அடுத்து, ரீடிங்கிலிருந்து கோட்டின் மதிப்பைக் கழித்து மிச்சத்தைப் பாருங்கள்: -0.002, +0.004, -0.010, +0.016, -0.008. ஒழுங்கில்லாமல் மேலும் கீழும் போகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் கூட்டல், நடுவில் கழித்தல் என்று வளைந்து வந்தால் சென்சாரே நேராக வேலை செய்யவில்லை என்று பொருள். ஜீரோவையும் ஸ்பேனையும் எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது.

பலர் ஆர்-ஸ்கொயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். மேலே உள்ள ஐந்து புள்ளிகளுக்கு அது 0.99999-ஐத் தாண்டுகிறது. கருவியின் ஸ்பேனோ 0.6 சதவீதம் தவறு! புள்ளிகள் ஒரே கோட்டில் அமைந்தனவா என்பதைத்தான் அந்த எண் சொல்லும். அமைந்த கோடு சரியான கோடா என்று சொல்லாது. இன்டர்வியூவில் இதை மட்டும் தெளிவாகச் சொன்னாலே எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

டிஎம்டி கம்பி ஆலையில் கணக்கு தலைகீழாக ஓடும். ஸ்பெக்ட்ரோமீட்டர் பார்ப்பது ஒளியின் அளவை. நமக்கு வேண்டியது கார்பன் சதவீதம். தரம் தெரிந்த மாதிரிகளை வைத்துக் கோடு போட்டு, அதில் பின்னோக்கி வந்துதான் விடை எடுக்கிறோம். ஐ.எஸ். 1786 தரத்தின்படி எஃப்இ 500டி கம்பியில் கார்பன் 0.25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் மாதிரிகள் இந்த 0.25-க்கு இரண்டு பக்கமும் இருக்கட்டும். கோடு நடுவில்தான் உறுதி, முனைகளில் ஆட்டம் அதிகம், முனைக்கு வெளியே நம்பவே கூடாது. வர்க்கப்படுத்துவதால் நான்கு மடங்கு விலகிய ஒரு புள்ளி பதினாறு மடங்கு கணக்கில் ஏறி, கோட்டையே தன் பக்கம் இழுத்துவிடும். அதற்காகப் பிடிக்காத ரீடிங்கை அழித்துவிடாதீர்கள். மாதிரியை மறுபடி தேய்த்து, மறுபடி ஸ்பார்க் கொடுத்து, இரண்டையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

புவியமைப்பியல், இயற்பியல் படித்தவர்களுக்கு நிலத்தடி நீர் ஆய்வு இன்னொரு வழி. அளவுக்கு மீறி நீர் உறிஞ்சியதால் கடல்நீர் புகுந்த மீஞ்சூர் பகுதி பக்கத்திலேயே இருக்கிறது. தரைமேல் மின்தடை அளந்து அடியில் உள்ள அடுக்குகளை ஊகிக்கும்போது, களிமண்ணும் உப்புநீர் ஊறிய மணலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்த மின்தடை காட்டும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளும் ரீடிங்கோடு ஒரே அளவு பொருந்தலாம். அங்கே கம்ப்யூட்டர் கொடுத்த விடையோடு நிற்காமல், பக்கத்து ஆழ்குழாயில் வெட்டியெடுத்த மண்ணின் விவரத்தையும் நீரின் உப்பளவையும் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சிக்கு எக்செலின் ஸ்லோப், இன்டர்செப்ட் ஃபங்ஷன்கள் போதும். பைத்தான் பிறகு வரட்டும். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் ஐஎஸ்ஓ 17025-ஐ ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். கேலிப்ரேஷன் சான்றிதழில் அளவீட்டின் ஐயப்பாட்டையும் குறிப்பிட வேண்டும் என்பதால் அங்கே இந்தக் கணக்கு தெரிந்த ஆள் தேவை.

வேலை கிடைத்ததும் பழைய கேலிப்ரேஷன் ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரே கருவியின் ஜீரோவும் ஸ்பேனும் ஆண்டுக்கு ஆண்டு எந்தப் பக்கம் நகர்கின்றன என்று வரைந்து வையுங்கள். கேலிப்ரேஷன் இடைவெளியை நீட்டலாமா, குறைக்கலாமா என்று மேலாளர் கேட்கும் நாளில் அந்தத் தாளை எடுத்துக் கொடுக்கலாம்.