உரிமமும் நேயரும்

பெங்களூரில் தொழில்நுட்பம் குறித்துப் பாட்காஸ்ட் எனும் வலையொலி நடத்த முன்வருவோருக்கு ஒலிவாங்கியும் கணினியும் போதும். ஒலிபரப்பு உரிமம் தேவையில்லை. வானொலியின் வரலாறு வேறு. அலைவரிசைகள் பொதுச் சொத்து என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சமுதாய வானொலி கோரும் பிரகடனம் பெங்களூரில் வெளியாயிற்று. எனினும், கல்வி நிறுவனங்களுக்கு 2002-இலும் தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இலுமே அனுமதி கிட்டியது.

இடைக்காலத்தில் கோலார் மாவட்டம் பூதிகோட்டே கிராமத்தின் ‘நம்ம த்வனி’ காத்திருக்கவில்லை. பெங்களூரின் வாய்சஸ் அமைப்பு, மைராடா, யுனெஸ்கோ ஆகியவற்றின் துணையுடன் சுய உதவிக் குழு மகளிர் நிகழ்ச்சிகளைத் தாமே தயாரித்தனர். உரிமம் இன்மையால் அவை ஒலிபெருக்கி வழியாகவும், கேபிள் வழியாகவும் ஊராரைச் சென்றடைந்தன. ஏற்பாடு எளியதுதான், ஆயின் பேசுபவர் யார் என்பதைக் கேட்பவர் அறிந்திருந்தார். குறையிருப்பின் நேரிலேயே கூற இயன்றது.

வலையொலிக்கு இவ்வசதி இல்லை. பதிவிறக்க எண்ணிக்கை, ஒலிக்கோப்பு சென்று சேர்ந்ததைக் காட்டுமேயன்றி அது கேட்கப்பட்டதைக் காட்டாது. விளம்பரதாரர் அவ்வெண்ணிக்கையையே கேட்பார் என்பது மெய்யே. ஆயினும் நேயர் வட்டத்தை வளர்க்கச் செலவு குறைந்த வழி, அவர்தம் வினாக்களை அடுத்த நிகழ்ச்சியின் பொருளாக்குவதாகும். பிழை சுட்டும் பொறியாளரையே பேச அழைக்கலாம்; அத்தகையோருக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை.