கோதாவரியைக் கடந்த பாலங்கள்

ஆந்திர நாட்டின் ஆற்றங்கரை நகரங்களுள் இராசமகேந்திரவரம் தொன்மை மிக்கது. ஆங்கிலேயர் காலத்தில் அஃது இராசமுந்திரி என வழங்கலாயிற்று. 2015ஆம் ஆண்டில் பழம்பெயரையே அரசினர் மீண்டும் ஏற்றனர். தமிழர்க்கு இந்நகர் அயலன்று. முதலாம் இராசராச சோழனின் மகள் குந்தவை பெற்ற இராசராச நரேந்திரன் இங்கிருந்தே வேங்கி நாட்டை ஆண்டான். அவன் மகனே 1070இல் சோழர் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன்.

நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் சிறு ஊற்றாய்த் தோன்றும் கோதாவரி, பாப்பி மலைகளின் இடுக்கைக் கடந்து சமவெளியை அடைந்ததும், இந்நகரின் முன் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் அகன்று செல்கின்றது. கோடையில் வெண்மணல் திட்டுகள். மழைக்காலத்திலோ கரை புரளும் செந்நீர். இக்கரையில் இராசமகேந்திரவரம், அக்கரையில் கொவ்வூர். கண்ணுக்கு எட்டும் ஊர் காலுக்கு எட்டாத நிலையே நெடுங்காலம் இருந்தது.

நகருக்குச் சற்றுக் கீழே தவளேசுவரத்தில் ஆர்தர் காட்டன் 1847 முதல் 1852 வரை அணை கட்டினார். பஞ்சத்தால் நைந்த கழிமுகம் நெற்களஞ்சியமாயிற்று. கால்வாய்களில் படகுகளும் ஓடின. இருப்புப் பாதைக்குப் பொருளைக் கொட்டுவதை விடக் கால்வாய் வெட்டுவதே நாட்டுக்கு நலம் என்று காட்டன் வாதாடி வந்தார். நீரைப் பற்றி அவர் கூறியது மெய்யே. ஆயினும், கொல்கத்தாவையும் சென்னையையும் விரைவாக இணைக்கப் படகால் இயலாதன்றோ?

கடற்கரையை ஒட்டி வந்த இருப்புப் பாதை, 1890களில் ஆற்றின் இரு கரைகளையும் எட்டியது. இடையில் வெள்ளம் மறித்தது. எனவே 1897 நவம்பரில் பாலப்பணி தொடங்கியது. இதனை நடத்திய பொறியாளர் கிரான்வில் வால்டன், முன்னரே காசியில் கங்கைக்குப் பாலம் அமைத்துத் தேர்ந்தவர்.

மணலாற்றில் தூண் நிறுத்துவது எளிதன்று. மேல்மணலை வெள்ளம் அரித்துச் சென்றுவிடும். நம் ஊர்களில் உறைகிணறு இறக்குவதைக் கண்டவர்க்கு இதன் நுட்பம் விளங்கும். கீழ்விளிம்பில் இரும்பு பூட்டிய வட்டச் சுவரை மணல்மேல் எழுப்புவர்; உள்ளிருந்து மணலை வாரி வாரி எடுப்பர்; சுவர் தன் பாரத்தாலேயே மெல்ல இறங்கும். இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டே வருவர். உறுதியான நிலத்தில் ஊன்றியபின் உள்ளே காரைக் கலவை இட்டு அடைத்து, அதன்மேல் தூணை எழுப்புவர். ஒரு பக்கம் சாய்ந்தால் அதனை நிமிர்த்துவதே பெரும்பாடு. வெள்ளம் வருமுன் முடித்தாகவேண்டும். பாலத்துக்கு ஆளுநர் ஆவ்லக்கின் பெயர் நிலைத்தது. நீரில் நின்று மணல் வாரியவர் பெயர்களை யார் எழுதி வைத்தனர்?

ஒவ்வொன்றும் 150 அடி கொண்ட 56 கண்களுடன் அப்பாலம் 1900 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரை வழியே கொல்கத்தா செல்வோர் கோதாவரியில் வண்டியை விட்டு இறங்கவேண்டிய தொல்லை ஒழிந்தது.

எனினும், அஃது ஒற்றைப் பாதை, புகைவண்டிக்கே உரியது. மாட்டுவண்டிக்கும் மோட்டாருக்கும் அதில் இடமில்லை. கொவ்வூரில் நோயுற்றவர் நகரின் மருத்துவரை நாட, வண்டி வரும் வேளையையோ படகையோ எதிர்நோக்க வேண்டியிருந்தது. இக்குறை 1974இல் நீங்கியது. அவ்வாண்டில் அமைந்த இரண்டாம் பாலத்தின் கீழ்த்தட்டில் புகைவண்டியும் மேல்தட்டில் சாலையும் செல்கின்றன. சாலையின் நீளம் மட்டும் 4.1 கிலோமீட்டர்.

1986 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்திலும் பழைய பாலம் அசையவில்லை. ஆயினும், இரும்பு மூப்படைந்தது. 1997இல் அதன்மேல் வண்டிகள் நின்றன. அதன் பணியை ஏற்க, 1990களில் மூன்றாம் பாலம் கட்டப்பெற்றது. வில்போல் வளைந்த கற்காரைக் கமான்களிலிருந்து தொங்கவிடப்பெற்ற தளத்தின்மேல் வண்டி ஓடுகின்றது. முதற்பாலத்துக்கு 56 கண்கள் வேண்டியிருந்தன. இதற்கு 28 போதுமாயின. சாலைக்கென மற்றொரு பாலம் 2015இல் திறக்கப்பெற்றது.

ஓய்வுபெற்ற பாலத்தைப் பிரித்து இரும்பாக விற்பதா, காப்பதா என்னும் கேள்வி எழுந்தபோது, காக்கவேண்டும் என நகரத்தார் பலர் முறையிட்டனர். வண்டி ஓடாத அதன் கல்தூண்கள், புதிய பாலத்தின் அருகே, இன்றும் கோதாவரியின் நீரில் நிற்கின்றன.