அந்தக் கார்பன் யாருடையது?

அன்புள்ள தமிழ்மதிக்கு,

கடிதம் கிடைத்தது. "கார்பன் டை ஆக்சைடை வெயிலில் எரிபொருளாக்கும் ஒளிவினையூக்கியை நானோ அளவுக்குப் பொடித்ததும் மீத்தேன் கூடுகிறதே, இன்னும் பொடித்தால் போதாதா ஐயா?" என்று கேட்டிருந்தாய். 'புகையிலிருந்து பெட்ரோல்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல் உள்ள எரிச்சலை உன்மேல் காட்டமாட்டேன். கார்பன் டை ஆக்சைடு எரிந்து முடிந்த சாம்பல். அதை மறுபடி எரியவைக்கும் ஆற்றல் முழுதும் வெயிலிலிருந்துதான் வரவேண்டும்.

1979இல் ஜப்பானில் இனோவே, புஜிஷிமா முதலான நால்வர் குறைகடத்தித் தூள்களை நீரில் கலக்கி, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி ஒளி பாய்ச்சினார்கள். ஃபார்மிக் அமிலம், மெத்தனால், கொஞ்சம் மீத்தேன் கிடைத்தன. அந்தத் தூள்களில் ஒன்றான டைட்டானியம் டை ஆக்சைடு விழுங்குவது புற ஊதா ஒளியை மட்டுமே. வெயிலில் அது 5 சதவீதம் இருந்தால் அதிகம். ஒரு மீத்தேன் மூலக்கூறுக்கு 8 எலக்ட்ரான் வேண்டும். துகள் சிறிதானால் எலக்ட்ரான்கள் மேற்பரப்பை எட்டும் தூரம் குறையும், பரப்பும் கூடும். இவை உனக்குத் தெரிந்தவைதான்.

நீ கேட்காமல் விட்டது வேறு. வந்த மீத்தேனில் இருக்கும் கார்பன் யாருடையது? நானோ தூளைப் பெரும்பாலும் டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு போன்ற கரிமச் சேர்மங்களிலிருந்து செய்கிறோம். உலையில் சுட்ட பிறகும் கரிமக் கசடு ஒட்டியிருக்கும். பரப்பு கூடினால் அது ஒட்ட இடமும் கூடும். ஒளி பட்டால் அந்தக் கசடும் சிதைந்து வாயுவாகும். விளைச்சலே கிராமுக்கு, மணிக்குச் சில மைக்ரோமோல் என்றால் அழுக்கே அதைத் தந்துவிடும்! 2010இல் கீடோ முல் குழுவினர் செம்பு ஏற்றிய தூளின்மேல் கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினார்கள். வந்த கார்பன் மோனாக்சைடில் மேலோங்கியிருந்தது சாதாரணக் கார்பன்-12; செலுத்திய வாயுவினுடையது அல்ல. உண்மையா கற்பனையா என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டுவிட்டார்கள்.

நான் அடிக்கடி எடுத்துப் படிக்கும் கட்டுரை ஒன்று உண்டு. 1941இல் ரூபனும் கேமனும் இன்னும் இருவரும் குளோரெல்லா பாசிக்கு ஆக்சிஜன்-18 கலந்த நீர் கொடுத்து, அது வெளிவிடும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். பாசியிடம் அப்போதே கேட்ட கேள்வியை நம் ஆட்கள் தூளிடம் கேட்க இத்தனை காலமா?

நீயும் இப்படிச் சோதிக்கும்போது நிறை நிறமாலைமானியில் கவனமாக இரு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறை 28, காற்றின் நைட்ரஜனுக்கும் 28; குழாய்க் கசிவு ஒன்று போதும், ஏமாந்துவிடுவாய். கார்பன்-13 மீத்தேன் 17இல் வரும் என்று துள்ளாதே, நீராவி உடைந்தாலும் 17 காட்டும். வாயுக்களை முதலில் பிரித்துக்கொள். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் செலுத்தியும் ஒருமுறை ஓட்டிப் பார். மீத்தேன் அப்போதும் வந்தால் தூளைக் கழுவு.

அடுத்த முறை கட்டுரை அனுப்பும்போது ஒரு மீத்தேனுக்கு நீரிலிருந்து இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவரவேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பு. இல்லாததை எனக்கு அனுப்பாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்