தானியங்கிக் கியர்ப்பெட்டி இணையாமை: குறை காணும் முறை

"கியர் விழவில்லை" என்று ஓட்டுநர் கூறும்போது இருவேறு குறைகளில் ஒன்றைக் குறிக்கலாம். நெம்புகோல் பார்க் நிலையைவிட்டு அசையாதிருத்தல் ஒன்று. அது டிரைவ் நிலைக்கு வந்தும் வண்டி நகராதிருத்தல் மற்றொன்று. முன்னதற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே உள்ளது. பிரேக்கை மிதித்தாலன்றி நெம்புகோலை விடாத பூட்டு இக்கால வண்டிகளில் உண்டு. மிதிக்கும்போது பின்புறச் சிவப்பு விளக்குகள் எரியாவிடில், பிரேக் சுவிட்சையும் ஃபியூசையும் சோதித்தல் வேண்டும்.

பின்னதை ஆராயுமுன் பெட்டி இயங்கும் விதத்தை நினைவிற்கொள்க. எஞ்சினால் சுழலும் பம்ப், எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்துகின்றது. அவ்வழுத்தமே கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கின்றது. எனவே எண்ணெய் குறைந்தால் பிடிப்பும் தளரும். இந்நிலையில் ஆக்சிலேட்டரை மேலும் மேலும் மிதித்து வண்டியை நகர்த்த முயல்வோர் பலர். சிறு கசிவால் நேர்ந்த குறை, தட்டுகள் வழுக்கிக் கருகும் பெருஞ்செலவாக மாறுவது இவ்வாறுதான்.

அளவுகோல் உள்ள வண்டிகள் பலவற்றில், எண்ணெய் சூடேறியபின், எஞ்சின் ஓடும்போதே மட்டம் பார்த்தல் வேண்டும். கையேடு வேறு கூறின் அதனையே பின்பற்றுக. கருநிறமும் தீய்ந்த வாடையும் தட்டுகள் கருகியதைக் காட்டும். பால் கலந்தாற்போன்ற நிறம், நீர் கலந்ததைக் காட்டும். ரேடியேட்டருக்குள் அமைந்த எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்திருக்கலாம். நுரையும் தீங்கே. அளவுக்கு மேல் ஊற்றினாலும் நுரை எழும். நீர் நிறைந்த இரு மருந்தூசிக் குழல்களை ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் மற்றதன் தண்டு உடனே நகரும். இடையே காற்று புகுந்தால் தயங்கும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம்.

மட்டம் சரியெனில், நெம்புகோலின் கம்பி பெட்டியிலுள்ள கையுடன் இணைந்துள்ளதா என்று காண்க. அது கழன்றிருப்பின் நெம்புகோல் நகரும். பெட்டி பழைய நிலையிலேயே இருக்கும். அடுத்து முன்னோட்டம், பின்னோட்டம் இரண்டையும் சோதிக்க. ரிவர்ஸ் இயங்கி டிரைவ் மட்டும் இயங்காவிடில், முன்னோட்டக் கிளட்ச்சையோ அதற்குரிய எண்ணெய் வழியையோ ஐயுறலாம். இரண்டும் இயங்காவிடில், பம்ப், அடைபட்ட வடிகட்டி போன்ற பொதுக் காரணங்களைத் தேடுக. சக்கரத்திற்குச் செல்லும் தண்டு முறிந்தாலும் வண்டி நகராது. பெட்டியைக் கழற்றியபின் இதனைக் கண்டறிதல் வீண் உழைப்பு.

2014-இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையும் தானியங்கி என்றே வழங்கப்படுகின்றது. அதில் இருப்பது சாதாரணக் கியர்ப்பெட்டியும் உலர் கிளட்ச்சும், அவற்றை இயக்கும் கருவியுமே. மேற்கூறிய எண்ணெய்ச் சோதனைகள் அதற்குப் பொருந்தா.

இறுதியாக அழுத்தமானியைப் பொருத்துக. அழுத்தம் கையேட்டின் அளவில் இருந்தும் பிடிப்பு இல்லையேல், பெட்டியைத் திறக்கலாம். அழுத்தமே எழாவிடில், அண்மையில் பெட்டியை இறக்கி ஏற்றினார்களா என்று வினவுக; முறுக்குவிசை மாற்றி பம்ப்புடன் முழுதும் பொருந்தாமல் பூட்டப்பட்டுப் பம்ப் உடைந்திருத்தல் கூடும்.